கேட்டு எடுத்த படங்கள்
கௌரி கில்லின் புகைப்படக் கலை பற்றிச் சில சிந்தனைகள்

நம் இல்லங்களில் பாதுகாக்கப்படும் பழைய புகைப்படங்களுள் பெரும்பாலானவை ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டவை. பின்னால் அரண்மனைப் படிக்கட்டோ ஏரிக்கரையோ தீட்டப்பட்ட திரைச்சீலை. முன்னால் முக்காலியில் ஒரு பூச்சாடி. புதுநன்மை வாங்கிய சிறுவன் கையில் மெழுகுதிரியுடன் விறைத்து நிற்பான். மணமான மறுவாரம் எடுத்த படத்தில் பாட்டனும் பாட்டியும் ஒரு சாண் இடைவெளி விட்டு அமர்ந்திருப்பர். இருப்பதில் நல்ல உடையை உடுத்தி, தலை வாரி, காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படங்கள் அவை. படத்திலிருப்பவர் தாம் எவ்வாறு நினைவுகூரப்பட வேண்டுமென விரும்பினாரோ, அவ்வாறே அதில் நிற்கிறார். படத்தின் பின்புறத்தில் பெயரும் நாளும் எழுதப்பட்டிருக்கும்.

நாம் நன்கறிந்த வேறொரு வகைப் படமும் உண்டு. தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும், நன்கொடை கோரும் துண்டறிக்கைகளிலும் அது இடம்பெறும். கிழிந்த சட்டையணிந்த ஒரு குழந்தை, தட்டேந்திய ஒரு முதியவள், கண்ணீர் வழியும் ஒரு முகம். அக்குழந்தையின் பெயர் நமக்குத் தெரியாது. படம் எடுக்கலாமா என்று அதனிடம் எவரேனும் கேட்டனரா என்பதும் தெரியாது. நல்ல நோக்கத்துடனேயே அப்படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றால் பல பசிகள் தீர்ந்திருக்கின்றன என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு கேள்வி நெஞ்சை உறுத்துகிறது. ஸ்டுடியோவில் நின்ற சிறுவனுக்குக் கிடைத்த மதிப்பு, துண்டறிக்கையில் நிற்கும் குழந்தைக்கு ஏன் கிடைக்கவில்லை? வறியவர் என்பதனாலேயே ஒருவர் தம் முகத்தின்மீதுள்ள உரிமையை இழந்துவிடுகிறாரா?

இக்கேள்வியைத் தம் வாழ்நாள் பணியின் மையத்தில் வைத்துக்கொண்ட கலைஞர் ஒருவர் நம் நாட்டில் இருக்கிறார். அவர் பெயர் கௌரி கில். அவருடைய படங்களைப் பற்றி நம் வாசகர்களோடு சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பயணம்

கௌரி கில் 1970இல் சண்டிகரில் பிறந்தவர். தில்லி கலைக் கல்லூரியிலும், நியூயார்க்கிலுள்ள பார்சன்ஸ் கலைப்பள்ளியிலும், பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். தில்லியில் இதழ் ஒன்றில் புகைப்படக்காரராகப் பணியாற்றி வந்த காலத்தில், 1999 ஏப்ரலில் இராஜஸ்தானின் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஒரு சிறுமி ஆசிரியரால் அடிக்கப்படுவதைக் கண்டார். அக்காட்சி அவரை விட்டு அகலவில்லை. சிற்றூர்ப் பள்ளிகளின் நிலைபற்றி ஒரு படக்கட்டுரை செய்ய விரும்பினார். பத்திரிகை உலகம் அதில் ஆர்வம் காட்டவில்லை. நாள்தோறும் நடப்பது செய்தியாகாது என்பது அவ்வுலகின் நியதி. எனவே அவர் விடுப்பெடுத்துக்கொண்டு தாமே புறப்பட்டார்.

அன்று தொடங்கிய பயணம் கால் நூற்றாண்டாகத் தொடர்கிறது. ‘பாலைவனக் குறிப்புகள்’ என்று பொருள்படும் பெயரில் அப்படத் தொகுதியை அவர் அழைக்கிறார். பிக்கானேர், பார்மேர் ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்களில் வாழும் இசுலாமியரும், ஜோகியர் என்னும் நாடோடிகளும், பிஷ்னோய் சமூகத்து உழவர்களும் அப்படங்களில் இருக்கின்றனர். மழை பொய்த்த ஆண்டுகளும் பெருமழை பெய்த ஆண்டும், காய்ச்சலும் தேர்தலும், தேர்வும் திருமணமும் அவற்றில் வந்து போகின்றன. கறுப்பு வெள்ளையில், ஆரவாரமற்ற ஒளியில், பெரும்பாலும் கண்மட்டத்தில் நின்று எடுக்கப்பட்டவை. மேலிருந்து நோக்கி எளியோரைச் சிறியோராக்கும் கோணத்தை அவர் நாடுவதில்லை. பல படங்களுக்கு அதில் நிற்பவர்களின் பெயரும் ஊருமே தலைப்பு. ‘பாலைவனச் சிறுமி’ என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துபோக அவர் நமக்கு இடமளிப்பதில்லை.

இராஜஸ்தான் என்றதும் நாட்காட்டிகள் நமக்குக் கற்பித்தவை சிவப்புத் தலைப்பாகையும் ஒட்டகமும் பொன்னிற மணற்குன்றுமே. சுற்றுலாத் துறைக்கு அவை வேண்டும். அவ்வண்ணங்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன என்று இப்படங்கள் காட்டுகின்றன. மணலும், நீருக்கான காத்திருப்பும், ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து நிற்கும் மனிதரும் எஞ்சுகின்றனர்.

இத்தொகுதியினுள் ஒரு குடும்பத்தின் கதை தனியாக நிற்கிறது. வறுமையோடு போராடும் ஒரு தாய். அவளுடைய இரு பெண் மக்கள். 1999 முதல் 2007 வரை கௌரி அவர்களிடம் சென்று வருகிறார். மகள்களுள் ஒருத்தி இளம் வயதிலேயே இறந்துபோகிறாள். படங்களோடு அத்தாய் அவருக்கு அனுப்பிய கடிதங்களும் வைக்கப்பட்டுள்ளன. படமெடுப்பவர் மட்டுமே பேசும் வழக்கத்தை அக்கடிதங்கள் முறித்துவிடுகின்றன. படத்திலிருப்பவள் திரும்பப் பேசுகிறாள், நலம் கேட்கிறாள், ஏன் வரவில்லை என்கிறாள். அவளும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற உணர்வு பார்க்கும் நமக்கு உண்டாகிறது.

காற்றில் ஆடும் திரைச்சீலை

2003இல் லூண்கரண்சர் என்னும் ஊரில் உர்முல் சேது என்ற தொண்டமைப்பு பெண் குழந்தைகளுக்கென விழா ஒன்றை நடத்தியது. சுமார் எழுபது சிற்றூர்களிலிருந்து ஏறத்தாழ 1500 வளரிளம் பெண்கள் அதற்கு வந்தனர். தம் ஊரைத் தாண்டிச் செல்லும் வாய்ப்பு அரிதாகவே கிட்டிய பெண்கள். அவ்விழாவில் கௌரி ஒரு துணிக்கூடாரம் அமைத்து, அதனைப் புகைப்பட நிலையமாக்கினார். உள்ளூர் ஸ்டுடியோவிலும் துணிக்கடையிலும் கிடைத்த திரைச்சீலைகள், காகிதத் தொப்பிகள் போன்ற சில எளிய பொருள்கள், கூரைத் துணியினூடே கசிந்து வரும் பாலைவனத்து வெளிச்சம். இவ்வளவே அவருடைய முதலீடு. காற்றடிக்கும்போதெல்லாம் எல்லாம் ஆடின. சில வேளை சரிந்தும் விழுந்தன.

படமெடுத்துக்கொள்ள விரும்பிய பெண்கள் வந்தனர். யாரோடு நிற்பது, எதைக் கையில் ஏந்துவது, சிரிப்பதா வேண்டாமா என்பவற்றைத் தாங்களே முடிவு செய்தனர். வேண்டுவோர் பின்னர்ச் சலுகை விலையில் தம் படத்தை வாங்கிக்கொள்ளலாம் என்பதும் ஏற்பாடு. ‘பாலிகா மேளா’ என்ற அத்தொகுதி 2012இல் நூலாக வெளிவந்தது.

அப்படங்களில் நிற்கும் பெண்களின் முகங்களில் நாம் எதிர்பார்க்கும் பரிதாபம் இல்லை. தோழியின் தோளில் கையிட்டு நிற்பவள், தொப்பியணிந்து ஒரு வீரனைப் போல் நிமிர்ந்தவள், கேமராவையே சோதிப்பவள்போல் நேராக நோக்குபவள் எனப் பலர் இருக்கின்றனர். சிலர் மிகக் கடுமையான முகத்துடன் நிற்கின்றனர். படம் என்பது விளையாட்டன்று, ஒரு முக்கியமான காரியம் என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும். நம் பாட்டியரும் அப்படித்தானே நின்றனர்!

அவ்விழாவுக்கு வந்த பெண்களுட் சிலர் புகைப்படம் எடுக்கவும் கற்றுக்கொண்டனர். 2010இல் விழா மீண்டும் நடந்தபோது கௌரியும் மீண்டும் சென்றார். அப்போது வண்ணத்திலும் படங்கள் எடுத்தார். அன்று கேமராவின் முன் நின்றவர்களுள் சிலர் இப்போது அதன் பின்னால் நின்றனர். அவர்களுள் ஒருத்தி தன் ஊரில் சொந்தமாக ஒரு புகைப்பட நிலையமே தொடங்கினாள். ஒரு கலைப்படைப்பின் பயனை அளக்க அருங்காட்சியகச் சுவர் ஒன்றே அளவுகோல் அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

பிறப்பும் புதைகுழியும்

கௌரியின் படங்களுள் நம்மை நெடுநேரம் நிறுத்திவைப்பவை இரு தொகுதிகள். ஒன்று பிறப்பைப் பற்றியது. மற்றொன்று இறப்பைப் பற்றியது.

பாலைநிலத்துச் சிற்றூர் ஒன்றில் முதிய மருத்துவச்சி ஒருவர் இருந்தார். பல்லாண்டுகளாக அவ்வட்டாரத்துக் குழந்தைகளைத் தம் கைகளில் ஏந்தியவர். தம் சொந்தப் பேரப்பிள்ளை பிறக்கும் வேளையில் உடனிருந்து படமெடுக்குமாறு அவரே கௌரியை அழைத்தார். அரசு மருத்துவமனைப் பேறுகாலத்தை ஊக்குவிக்கும் திட்டம் நாடெங்கும் தொடங்கப்பட்டது 2005இல். அத்திட்டத்தால் தாய்மார் பலர் உயிர் பிழைத்தனர் என்பது உண்மையே. அதே வேளையில், எழுத்தறியாத முதிய பெண்களின் கைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஓர் அறிவு சான்றின்றி மறையத் தொடங்கியதும் உண்மை. தம் கைத்தொழில் ஒரு நாள் இல்லாமற் போகும். அது இருந்ததற்கு ஓர் ஆதாரம் வேண்டும் என்று அம்மூதாட்டி எண்ணியிருக்கலாம் என நமக்குத் தோன்றுகிறது.

அளவிற் சிறிய எட்டுப் படங்கள். மண் தரை, ஓர் எளிய அறை, வலியில் வளையும் ஓர் உடல், அதைத் தாங்கும் கைகள், பிறகு, மண்ணின்மீது ஒரு புதிய உயிர். ஒரு பெண்ணின் வாழ்வில் இதைவிட அந்தரங்கமான பொழுது இல்லை. அந்த அறைக்குள் கேமரா புகுந்ததெனில் அது அத்துமீறலாகவே தோன்ற வேண்டும். அவ்வாறு தோன்றாமைக்குக் காரணம், படமெடுத்தவர் அங்கு விருந்தாளியாக இருந்ததே. அழைப்பு வீட்டாரிடமிருந்து வந்தது. அறையின் அதிகாரம் முதியவளின் கையில் இருந்தது; கேமரா ஓரமாக நின்றது.

இறப்பைப் பற்றிய தொகுதியின் பெயருக்கு ‘தடயங்கள்’ என்று பொருள். தார்ப் பகுதியில் இசுலாமியர் மட்டுமின்றி, பிஷ்னோய், ஜோகி ஆகிய சமூகத்தாரும் இறந்தோரை மண்ணிலேயே அடக்கம் செய்கின்றனர். சலவைக்கல் வாங்க வசதியில்லாதவர்களின் புதைகுழிகளை, அவரவர் குடும்பத்தாரும் நண்பர்களும் வழிகாட்டக் கௌரி படமெடுத்தார். அங்குக் கிடந்த கல்லே அடையாளக் கல்லாக நடப்பட்டிருக்கிறது. சிலவற்றில் வீட்டாரின் கையாலேயே எழுத்துக்கள் கீறப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் உடைந்த பானை ஓடுகளும் கூழாங்கற்களும் மட்டுமே. காற்று வீச வீச மணல் ஏறுகிறது. சில ஆண்டுகளில் எது கல்லறை, எது வெறும் மண் என்று அயலார்க்குத் தெரியாது. வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

சிறிய குவியல்களாகிய இவற்றைக் கௌரி மிகப் பெரிய அளவில் அச்சிட்டிருக்கிறார். அதன் பொருளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறப்பின் படங்கள் அருகில் சென்று குனிந்து காணுமாறு சிறியவை. புதைகுழிகளின் படங்களோ அரசர்களின் நினைவுச் சின்னங்களுக்கு நாம் தரும் இடத்தைச் சுவரில் கோருபவை. ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் புல் களைந்து, சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி ஏற்றி நிற்கும் நமக்கு இப்படங்களை விளக்க எவரும் தேவையில்லை. சிலுவையும் பெயரும் பொறித்த பளிங்குக் கல்லறைகளுக்கு அப்பால், வேலியோரத்தில், பெயர்ப்பலகை உளுத்துப்போன மண்மேடுகள் நம் கல்லறைத் தோட்டங்களிலும் உண்டல்லவா? அவற்றின்முன் கடைசியாக எப்போது நின்றோம் என்று இப்படங்கள் நம்மைக் கேட்கின்றன.

கேமராவுக்குத் தெரியாதது

2013இல் கௌரி மகாராஷ்டிரத்தின் தஹானு வட்டாரத்திலுள்ள கஞ்சாட் என்னும் பழங்குடி ஊருக்குச் சென்றார். அங்கு வார்லி ஓவியர் இராஜேஷ் வாங்கட் வீட்டில் தங்கினார். ஊரின் ஒவ்வோர் இடத்தையும் காட்டி, அங்கு நிகழ்ந்தவற்றை வாங்கட் விவரித்தார். கௌரி அவ்விடங்களில் அவரை நிறுத்திப் படமெடுத்தார். படங்களைப் பின்னர்ப் பார்த்தபோது ஒரு குறை புலப்பட்டது. ஓவியர் சொன்ன கதைகளுள் எதுவும் படத்தில் இல்லை. மரமும் குன்றும் வயலும் மட்டுமே இருந்தன. அங்கு வாழ்ந்த முன்னோரும், வந்துபோன பஞ்சமும், வெட்டப்பட்ட காடும் கேமராவின் கண்ணுக்குத் தெரியவில்லை.

படத்தை மீண்டும் எடுக்க அவர் முயலவில்லை. அச்சிட்ட படத்தையே ஓவியரின் கையில் கொடுத்தார். வாங்கட் அதன்மேல் மையினால் வார்லி மரபின் நுண்ணிய கோட்டுருவங்களை வரைந்தார். வெறுமையாகக் கிடந்த வானத்தில் பறவைகளும் தெய்வங்களும், வயலில் கூட்டங்கூட்டமாக மனிதரும் வந்து நிறைந்தனர். இருவர் பெயரிலும் அப்படங்கள் வெளியிடப்படுகின்றன. தம் கருவியின் எல்லையை ஒப்புக்கொள்ளும் பணிவு எல்லாக் கலைஞர்க்கும் வாய்ப்பதில்லை. அப்பணிவிலிருந்து ஒரு புதிய கலைவடிவமே பிறந்திருக்கிறது.

2015 முதல் ஜவ்ஹார் பகுதியில் அவர் செய்துவரும் பணியும் இத்தகையதே. அங்குக் கோக்ணா, வார்லி பழங்குடியினர் போஹடா என்னும் விழாவில் காகிதக் கூழால் ஆன தெய்வ முகமூடிகளை அணிந்து ஆடுவர். அம்முகமூடிகளைச் செய்வதில் தேர்ந்த சுபாஷ் கடு, பகவான் கடு என்னும் உடன்பிறந்தாரிடமும் அவர்தம் குழுவினரிடமும், தெய்வங்களுக்குப் பதிலாக இன்றைய வாழ்வையே முகமூடிகளாகச் செய்யுமாறு அவர் கேட்டுக்கொண்டார். மனித முகங்களும், விலங்கு பறவைகளின் தலைகளும், அன்றாடப் பொருள்களும் முகமூடிகளாயின. அவற்றை அணிந்துகொண்டு ஊரார் வழக்கமான தம் அலுவல்களைச் செய்வதுபோல் நிற்கும் வண்ணப் படங்கள் 2017இல் ஏதென்ஸ், காசெல் நகரங்களில் நடந்த ‘டாக்குமெண்டா’ கண்காட்சியில் இடம்பெற்றன.

நகைச்சுவை ததும்பும் இப்படங்களுக்குள் ஒரு கூர்மையான சிந்தனை உண்டு. பழங்குடியினரின் முகங்களை நூறாண்டுகளுக்கு மேலாக ஆய்வாளரும் அதிகாரிகளும் பயணிகளும் படமெடுத்து வந்துள்ளனர். அம்மக்களிடம் ஒருபோதும் இல்லாதிருந்த உரிமை, முகத்தைக் காட்டாதிருக்கும் உரிமையே. முகமூடி அதனை அவர்களுக்குத் திருப்பித் தருகிறது.

நம் ஐயங்கள்

பாராட்டு மட்டுமே திறனாய்வு ஆகாது. இப்படங்களைக் குறித்து நமக்குச் சில ஐயங்களும் உண்டு.

முதலாவது, லூண்கரண்சரில் சலுகை விலைக்குக் கிடைத்த படம் கலைக்கூடத்தில் வேறு விலை பெறுகிறது. 2023இல் ‘பாலைவனக் குறிப்புகள்’ தொகுதிக்காகக் கௌரிக்கு வழங்கப்பட்ட பிரீ பிக்டே விருதின் தொகை 1,00,000 சுவிஸ் பிராங்க்குகள். விருது தகுதியானவர்க்கே சென்றது. எனினும் பாலைநிலத்தின் வறுமை இலண்டன் அருங்காட்சியகச் சுவரில் தொங்கும்போது, பார்ப்பவர்க்கும் பார்க்கப்படுபவர்க்கும் இடையிலான தூரம் குறைகிறதா கூடுகிறதா என்று கேட்காமலிருக்க இயலவில்லை. இக்குற்றத்தை ஒரு கலைஞர் மீது சுமத்துவது நியாயமன்று. இது கலைச் சந்தையின் இயல்பு. ஆனால் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது.

இரண்டாவது, இப்படங்கள் மிகவும் அடக்கமானவை. சில இடங்களில் அவ்வடக்கம் மௌனமாகிவிடுகிறது. அப்பெண்ணுக்கு மருத்துவம் ஏன் கிட்டவில்லை, அந்நிலம் யாருக்குச் சொந்தம், கிணற்றிலிருந்து நீர் எடுக்க யாருக்கு அனுமதியில்லை என்பனவற்றைப் படம் மட்டும் பார்ப்பவர் அறிய வழியில்லை. கண்ணியம் காக்க வேண்டுமென்ற அக்கறையில் அநீதியின் பெயரைச் சொல்லாது விட்டுவிடும் அபாயம் இங்கு இருக்கிறது.

இக்குறையை அவரே உணர்ந்திருந்தார் என்று கருத இடமுண்டு. 1984இல் தில்லியில் சீக்கியர்களுக்கு எதிராக நடந்த படுகொலைகளில் குடும்பத்தை இழந்தோரை 2005இலும் 2009இலும் அவர் படமெடுத்தார். பின்னர் அப்படங்கள் ஒவ்வொன்றையும் எழுத்தாளர், கலைஞர் பலரிடம் தந்து, அவர்கள் மனத்தில் எழுந்ததை எழுதித் தருமாறு வேண்டினார். படமும் எழுத்துமாக அமைந்த அக்கைநூலை யார் வேண்டுமானாலும் விலையின்றிப் பெற்று, அச்சிட்டு, பிறர்க்குக் கொடுக்கலாம். அங்கு மௌனம் இல்லை, சந்தையும் இல்லை. நம் இரு ஐயங்களுக்கும் அவருடைய படைப்புகளிலேயே ஒரு மறுமொழி இருக்கிறது என்பது நமக்கு ஆறுதல் தருகிறது.

கேமரா எல்லார் கைக்கும் வந்துவிட்ட காலம் இது. கைப்பேசி வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் புகைப்படக்காரரே. வெள்ள நிவாரணப் பொதியை நீட்டும்போதும், முதியோர் இல்லத்தில் விருந்து பரிமாறும்போதும் நம் கை தன்னையறியாமல் கேமராவைத் தேடுகிறது. வாங்கிக்கொள்பவரின் முகம் படத்தில் விழ வேண்டும். கொடுக்கும் நம் கையும் விழ வேண்டும். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்!

கௌரி கில்லின் படங்களிலிருந்து நாம் கற்கக்கூடியது கலை நுட்பமன்று. கேட்பது, காத்திருப்பது, மீண்டும் செல்வது, பெயரை எழுதுவது, எடுத்த படத்தைத் திருப்பிக் கொடுப்பது. இவை எவராலும் இயலக்கூடியவை. அடுத்த முறை நம் சங்கத்தின் அறிக்கைக்கென ஒரு படம் தேவைப்படும்போது, அக்குழந்தையின் அருகில் சற்றே அமர்ந்து, “உன் பெயர் என்னம்மா? உன்னைப் படம் எடுக்கட்டுமா? எப்படி நிற்க உனக்குப் பிடிக்கும்?” என்று கேட்போம். அது வேண்டாமென்று தலையசைத்தால், கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, கொண்டுசென்றதைக் கொடுத்துவிட்டுத் திரும்புவோம்.